உளுந்து மூட்டை எங்கே காத்திருக்கிறது? விநியோகச் சங்கிலி மேலாண்மைக்கு ஓர் அறிமுகம்

யாங்கோன் நகரின் நடுவே, அனோரதா சாலைக் காளி கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் மாலை நேரத்தில் நடந்தால், தோசைக் கடைகளின் பின்கட்டில் பெரிய அண்டாக்களில் உளுந்து ஊறிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். தோசையைப் பர்மியர்களும் ஏறக்குறைய நம்முடைய பெயரையே சொல்லிக் கேட்டு வாங்கி உண்கிறார்கள் என்பதால், இந்த அண்டாக்கள் தமிழருக்காக மட்டும் நிரம்புவதில்லை. ஆனால் நிரப்புவதற்குமுன் கடைக்காரர் நாள்தோறும் ஒரு கேள்விக்கு விடை கண்டாக வேண்டும்: நாளைக்கு எத்தனை வீசை உளுந்தை ஊறவைப்பது? குறைவாக ஊறவைத்தால் காலை ஒன்பது மணிக்கே மாவு தீர்ந்து, வந்தவர்கள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். கூடுதலாக ஊறவைத்தால் மாவு புளித்து வீணாகும். பன்னாட்டு நிறுவனங்களில் பட்டம் பெற்றவர்கள் கணினி முன் அமர்ந்து போடும் கணக்கும் அடிப்படையில் இதுதான். இதற்கு விநியோகச் சங்கிலி மேலாண்மை என்று பெயர்.

அந்த உளுந்து எந்த வழியாக வந்தது என்பதைப் பார்த்தால் 'சங்கிலி' என்ற சொல் விளங்கும். பகோ, ஐராவதி, யாங்கோன் வட்டாரங்களில் மழைக்கால நெல்லை அறுத்தபின், நிலத்தில் மிஞ்சியிருக்கும் ஈரத்தை நம்பி உளுந்தை விதைக்கிறார்கள். மாசி, பங்குனி வாக்கில் அறுவடையாகிறது. விவசாயியிடமிருந்து கிராமத்தில் சேகரிப்பவர் வாங்குகிறார். அவரிடமிருந்து பக்கத்து ஊர் வியாபாரி. அவரிடமிருந்து லாரியில் யாங்கோனின் பயின்னாங் மொத்தச் சந்தை. அங்கிருந்து ஒரு சிறு பங்கு நம் தோசைக் கடைகளுக்கு வருகிறது. பெரும்பங்கு சுத்தம் செய்யப்பட்டு, தரம் பிரிக்கப்பட்டு, எஃப்.ஏ.க்யூ. என்றும் எஸ்.க்யூ. என்றும் சந்தையில் சொல்லப்படும் இரண்டு தரங்களாகக் கப்பலேறி, சென்னை முதலிய இந்தியத் துறைமுகங்களுக்குப் போய், அங்கே இட்லிக்கும் அப்பளத்துக்கும் உடைபடுகிறது. இப்படி ஒரு பொருள் தோன்றும் இடத்திலிருந்து தீரும் இடம்வரை அதைத் தொடும் எல்லாக் கைகளும் சேர்ந்ததே சங்கிலி. தன் கடையின் லாபத்தை மட்டும் பார்க்காமல் இந்தக் கைகள் அனைத்தையும் ஒரே தொழிலாகக் கருதித் திட்டமிட வேண்டும் என்பதுதான் மேலாண்மை என்ற சொல் சேர்க்கும் பொருள். 1982-இல் கீத் ஆலிவர் என்ற ஆலோசகர் இந்தப் பெயரைப் பொதுவெளியில் பயன்படுத்தினார். அதற்குமுன் கொள்முதல், கிடங்கு, போக்குவரத்து, விற்பனை எல்லாம் தனித்தனித் துறைகளாகவே நடந்தன.

இத்துறையைப் புதிதாகப் படிப்பவர்கள் லாரியையும் கப்பலையும் பற்றியே நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அது தவறான இடத்திலிருந்து தொடங்குவதாகும். யாங்கோனிலிருந்து சென்னைக்குச் சுமார் 1,000 கடல் மைல். நேராகப் போகும் கப்பலுக்கு மூன்று நான்கு நாள் போதும். பகோவிலிருந்து யாங்கோனுக்கு லாரி ஒரே நாளில் வந்துவிடும். அப்படியிருக்க, பங்குனியில் அறுத்த உளுந்து ஐப்பசியில் தீபாவளி வடைக்கு அரைபடுகிறதென்றால், இடைப்பட்ட ஏழு மாதத்தில் அது நகர்ந்தது ஒரு வாரத்துக்கும் குறைவு. மற்ற நாளெல்லாம் எங்கோ ஒரு கிடங்கில் காத்திருந்தது. எங்கே காத்திருக்க வேண்டும், எவ்வளவு காலம், யாருடைய செலவில் என்ற மூன்றையும் தீர்மானிப்பதே இந்தத் துறையின் சாரம் என்று வைத்துக்கொண்டால் மற்றவை தாமாகப் புரியும்.

எல்லாக் காத்திருப்பும் வீண் அல்ல. உளுந்து இரண்டு மாதத்தில் அறுவடையாகிறது, பன்னிரண்டு மாதமும் உண்ணப்படுகிறது. ஆகவே யாராவது ஒருவர் அதைச் சுமந்தே ஆக வேண்டும். ஒரு விவசாயியின் பத்து மூட்டைக்காக ஒரு லாரி புறப்படாது என்பதால், லாரி நிறையும்வரை மூட்டைகள் காத்திருப்பதும் நியாயமே. நாளை எவ்வளவு தேவைப்படும் என்று தெரியாததால் கொஞ்சம் கூடுதலாக வைத்திருப்பதும் தேவைதான். இதைப் பாதுகாப்பு இருப்பு என்பார்கள். பூச்சி கொல்லப் புகையூட்டியதற்கான சான்றிதழும் தாவர நலச் சான்றிதழும் கையில் கிடைக்காமல் கன்டெய்னர் நின்றுகொண்டிருப்பது வேறு வகை. விலை ஏறும் என்று நம்பிப் பூட்டிவைப்பது இன்னொரு வகை. அதை வியாபாரம் என்று சொல்லலாம், சங்கிலி மேலாண்மை என்று சொல்லக் கூடாது. ஒரே கிடங்கில் ஒரே மாதிரியான சாக்குகளாக அடுக்கப்பட்டிருக்கும்போது இவற்றில் எந்த மூட்டை எந்தக் காரணத்துக்காக நிற்கிறது என்பதைப் பிரித்துப் பார்க்கத் தெரிவதே முதல் பாடம்.

காத்திருப்புக்கு வாடகை மட்டும் செலவு அல்ல. மூட்டையில் முடங்கிய பணத்துக்கு வட்டி உண்டு. விலை இறங்கும் அபாயம் உண்டு. நம் ஊரில் வைகாசி பிறந்ததும் தொடங்கும் மழையின் ஈரக்காற்றும் பயறு வண்டும் உண்டு. பல ஆண்டுகளுக்குமுன் நான் கணக்கு எழுதிய ஒரு கிடங்கில், புதிதாக வந்த மூட்டைகளை வாசலருகே அடுக்குவது வழக்கம். இறக்குவதற்கு அதுதான் எளிது. ஏற்றுவதற்கும் வாசலருகே உள்ளதே எளிது. ஆகவே புதியது வந்த வேகத்திலேயே வெளியே போனது, பின்சுவரை ஒட்டியிருந்த பழையது அங்கேயே தங்கியது. ஆடி மாதத்தில் ஒரு நாள் பின்வரிசை மூட்டையைத் தூக்கியபோது சாக்கின் இழைகளுக்கிடையே மெல்லிய மாவு கொட்டியது. கையில் எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு பருப்பிலும் ஊசிமுனைத் துளை. முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்ற விதி எல்லோருக்கும் தெரியும். அந்த விதியைக் கடைப்பிடிக்க இரண்டு பக்கமும் வழியுள்ள அடுக்கு வேண்டும் என்பதுதான் அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

இனி கொஞ்சம் கணக்கு. ஒரு கடைக்கு நாளொன்றுக்கு 3 வீசை உளுந்து செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். (பர்மாவில் இன்றும் சந்தை நிறுவையாக இருக்கும் வீசை 1.63 கிலோ. ஆங்கிலேயர் ஆவணங்களில் அதற்கு எழுதிய 'விஸ்' என்ற பெயர் நம் வீசையிலிருந்து வந்தது. சென்னையின் பழைய வீசை இதைவிடச் சற்றுச் சிறியது.) கடைக்காரருக்கு இரண்டு மொத்த வியாபாரிகள். முதலாமவர் சொன்னால் ஆறாம் நாள் கொண்டுவந்து இறக்குவார், ஒரு நாள் முன்பின் ஆகாது. இரண்டாமவர் சராசரியாக நான்கே நாளில் அனுப்பிவிடுவார். ஆனால் சில முறை இரண்டு நாள், சில முறை ஒன்பது நாள். யாரிடம் வாங்குவது? வேகமானவரிடம் என்றுதான் பலரும் சொல்வார்கள். முதலாமவரிடம் வாங்கினால் கையிருப்பு 18 வீசைக்கு இறங்கும்போது சொல்லியனுப்பினால் போதும். இரண்டாமவரிடம் வாங்கினால், ஒன்பது நாள் ஆகிவிடும் சமயத்துக்கும் சேர்த்து 27 வீசை இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். சரக்கு விரைவில் வந்துவிடும் பெரும்பாலான முறைகளில் அந்தக் கூடுதல் உளுந்து தேவையில்லாமல் மூலையில் கிடக்கும். சொல்லியனுப்பியதற்கும் சரக்கு வந்து சேர்வதற்கும் இடையிலான இந்தக் காலத்தை வரவுக் காலம் என்று சொல்லிக்கொள்வோம். பாதுகாப்பு இருப்பு எவ்வளவு வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது வரவுக் காலத்தின் நீளத்தைவிட அதன் தடுமாற்றம்தான். தாமதமாக வந்தாலும் சொன்ன நாளில் வருகிறவர் பல சமயம் மலிவானவர்.

யாங்கோன் துறைமுகத்தோடு தொழில் செய்தவர்களுக்கு இது பழகிய செய்தி. நம்முடையது ஆற்றுத் துறைமுகம். ஆழம் போதாததால் மிகப் பெரிய கப்பல்கள் மேலேறி வர முடியாது, வருகிறவையும் ஏற்றநீருக்காகக் காத்திருக்க நேரிடும். எனவே நேர்க்கப்பலில் இடம் கிடைக்காத கன்டெய்னர், சென்னை மேற்கே இருக்க, முதலில் தெற்கே சிங்கப்பூருக்கோ கிள்ளானுக்கோ போய், அங்கே வேறு கப்பலுக்கு மாறித் திரும்பி வரும். மாறும் இடத்தில் எத்தனை நாள் கிடக்கும் என்பதை யாரும் உறுதியாகச் சொல்ல மாட்டார்கள். வாங்குகிறவருக்குத் தலைவலி தருவது கூடுதல் தூரமல்ல, அந்த உறுதியின்மை.

எவ்வளவு வாங்குவது என்பதற்கும் ஒரு சூத்திரம் உண்டு. ஃபோர்டு ஹாரிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1913-இல் அதை எழுதினார். அடிக்கடி சிறிது சிறிதாக வாங்கினால் வண்டிக்கூலி ஏறும், எப்போதாவது பெரிதாக வாங்கினால் இருப்புச் செலவு ஏறும். இரண்டும் சமமாகும் இடத்தில் மொத்தச் செலவு மிகக் குறைவு. அதிலிருந்து கிடைக்கும் ஒரு பயனுள்ள முடிவு: வியாபாரம் நான்கு மடங்கானால், ஒவ்வொரு முறையும் வாங்கும் அளவு இரண்டு மடங்கானால் போதும். கடை வளர்ந்ததும் கிடங்கையும் அதே மடங்கில் பெருக்குகிறவர்கள் இதை நினைவில் வைத்திருக்கலாம்.

இதற்கு அண்ணன் தம்பி போன்ற இன்னொரு உண்மையும் உண்டு. நான்கு கடைகள் தலைக்கு 6 வீசை பாதுகாப்பு இருப்பு வைத்திருந்தால் மொத்தம் 24 வீசை. நான்கும் சேர்ந்து ஒரே பொது அறையில் வைத்தால் 12 வீசையே அதே பாதுகாப்பைத் தரும்; ஒரு கடையில் எதிர்பாராமல் கூட்டம் கூடும் நாளில் மற்றொன்றில் குறைந்திருக்கும் என்பதே காரணம். ஆனால் நான்கு கடைகளின் ஏற்ற இறக்கமும் ஒன்றையொன்று சாராமல் இருந்தால்தான் இது பலிக்கும். தீபாவளிக்கு முன்தினம் நான்கிலும் ஒருசேரக் கூட்டம் கூடும். அன்றைக்குப் பொது அறை கைகொடுக்காது.

மறுபடி அந்த அண்டாவுக்கு வருவோம். உளுந்து ஊறி, அரைபட்டு, புளித்து மாவாக ஓர் இரவு ஆகும். வாடிக்கையாளரோ பத்து நிமிடம்தான் பொறுப்பார். ஆகையால் மாவுவரை உள்ள வேலை ஊகத்தின்பேரில் நடக்கிறது, கல்லில் ஊற்றுவது ஒருவர் வந்து கேட்டபின் நடக்கிறது. முன்னதைத் தள்ளு முறை என்றும் பின்னதை இழு முறை என்றும் சொல்வார்கள். எல்லாச் சங்கிலியிலும் ஊகம் முடிந்து உண்மையான கேட்பு தொடங்கும் எல்லைக்கோடு ஒன்று இருக்கும். அதை எங்கே போடுவது என்பதில்தான் திறமை இருக்கிறது. நம் கடைக்காரர் மிகச் சரியான இடத்தில் போட்டிருக்கிறார். தோசையாகச் சுட்டு அடுக்கிவைத்தால் அது முறுகலாகவோ மசாலாவாகவோ முட்டைத் தோசையாகவோ இனி மாற முடியாது. மாவாக இருக்கும்வரை எதுவாகவும் ஆகலாம், ஊத்தப்பம் உட்பட. கிடங்கிலும் இதே நியாயம்: தோலோடு முழு உளுந்தாக வைத்திருந்தால் அதிக நாள் தாங்கும், கேட்கிறவர் கேட்டபின் தோல் நீக்கியோ உடைத்தோ கொடுக்கலாம். பொருளுக்குக் கடைசி வடிவம் கொடுப்பதை முடிந்தவரை தள்ளிப்போடுவது என்ற இந்த உத்தியைத் துணிக்குச் சாயமேற்றுகிறவர்களும் கணினி செய்கிறவர்களும் கையாளுகிறார்கள்.

'உரிய நேரத்தில் உரிய அளவு' என்று டொயோட்டா வளர்த்தெடுத்த, இருப்பை இயன்றவரை குறைக்கும் முறையைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் இங்கே அதை ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். சாலையும் மின்சாரமும் வரவுக் காலமும் கடிகாரம்போல் ஓடும் இடத்துக்கு அது அழகான முறை. மின்வெட்டு நேரம் பார்த்து மாவு அரைக்கும் ஊரில் அதை அப்படியே கொண்டுவருவது விவேகமல்ல.

இதுவரை சொன்னது ஒரு கடையின் கணக்கு. பல கைகள் சேரும்போது ஒருவரும் தவறு செய்யாமலே பெரும் தவறு விளையும். இதை எண்களால் காட்டுவதே நல்லது. கடையில் வாரத்துக்கு 30 வீசை விற்கிறது. சங்கிலியில் உள்ள ஒவ்வொருவரும் இரண்டு வார விற்பனைக்கான 60 வீசையை எப்போதும் இருப்பில் வைத்துக்கொள்ளும் வழக்கமுடையவர்கள். ஒரு வாரம் விற்பனை 33 ஆகிறது. கடைக்காரர் விற்ற 33-ஐயும் ஈடுசெய்ய வேண்டும், இருப்பையும் 66-ஆக உயர்த்த வேண்டும். ஆகவே 39 வீசை கேட்கிறார். மொத்த வியாபாரியின் கண்ணுக்கு 33 தெரியாது, 39 மட்டுமே தெரியும். தன் விற்பனை 39 ஆகிவிட்டது என்று எண்ணி, இருப்பை 78-ஆக உயர்த்தும் பொருட்டு 57 கேட்கிறார். அவருக்கு மேலே உள்ளவர் 57-ஐப் பார்த்து 111 கேட்கிறார். மக்கள் உண்டது பத்தில் ஒரு பங்கு கூடியது. சங்கிலியின் மறுமுனையில் கேட்பு மூன்றரை மடங்குக்கும் மேலாகிவிட்டது. அடுத்த வாரமும் கடையில் 33-தான் விற்கிறது. கடைக்காரர் 33 கேட்கிறார். இருப்பு மிகுந்துவிட்டதை உணர்ந்த மொத்த வியாபாரி 21 மட்டும் கேட்கிறார். அவருக்கு மேலே உள்ளவர் ஒன்றுமே கேட்பதில்லை. போன வாரம் 111 வீசை அனுப்பச் சொன்ன மனிதர் இந்த வாரம் தொலைபேசியை எடுக்கவில்லை என்று கிராமத்துச் சேகரிப்பாளர் புலம்புவார். நகரத்தார் ஏமாற்றுகிறார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றும்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தைச் சேர்ந்த ஜே ஃபாரஸ்டர் 1950-களின் பிற்பகுதியில் இந்தப் பெருக்கத்தை முறையாக விளக்கினார். பிறகு பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் தன் குழந்தை அணையாடை வியாபாரத்தில் இதையே கண்டு வியந்தது: குழந்தைகள் நனைப்பது ஒரே சீராக இருக்க, ஆலைக்கு வந்த கேட்புகள் மட்டும் ஏறியிறங்கின. கைப்பிடியில் சிறு அசைவு நுனியில் பெரு வீச்சாவதால் இதைச் சாட்டை விளைவு என்கிறார்கள். இதற்கு மருந்து கூடுதல் இருப்பு அல்ல, செய்தி. கடையில் விற்றது 33 என்ற ஒரே எண் நான்கு பேருக்கும் ஒரே நாளில் தெரிந்திருந்தால் 111 என்ற எண் பிறந்தே இருக்காது. ஆனால் விற்பனையைச் சொன்னால் விலையை ஏற்றிவிடுவார்களோ என்ற அச்சம் சந்தையில் யாரையும் வாய் திறக்க விடுவதில்லை. ஆகவே இத்துறையில் மென்பொருளைவிட நம்பிக்கை அரிதான சரக்கு.

சங்கிலிக்கு வெளியிலிருந்து வரும் அடிகளும் உண்டு. 2017 ஆகஸ்டில் இந்திய அரசு துவரை இறக்குமதிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் டன் என்றும், உளுந்தும் பாசிப்பயறும் சேர்த்து 3 லட்சம் டன் என்றும் வரம்பு வைத்தது. இந்தியாவில் விளைச்சல் பெருகி அங்கு விலை சரிந்ததே காரணம். பர்மியர்கள் உளுந்தை அவ்வளவாக உண்பதில்லை. ஜப்பானில் முளைகட்டுவதற்கு வாங்குவது போன்ற சிறு சந்தைகளைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. விலை விழுந்தது, அதிகம் இழந்தவர்கள் அன்றைக்கு மூட்டையை யார் கையில் வைத்திருந்தார்களோ அவர்களே. ஒரே வாங்குபவரை நம்பும் சங்கிலி, ஒரே விற்பவரை நம்பும் சங்கிலியைப் போலவே பலவீனமானது என்பதை நம் ஊர் அப்போது காசு கொடுத்துக் கற்றது. 2021-இல் இரு நாடுகளும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, 2025-26 வரை ஆண்டுதோறும் 2.5 லட்சம் டன் உளுந்தையும் 1 லட்சம் டன் துவரையையும் தனியார் வணிகம் வழியாக வாங்க இந்தியா ஒப்புக்கொண்டது. அளவு முன்கூட்டித் தெரிந்தால் விவசாயி விதைக்கும்போதே கணக்குப் போடலாம். செய்தி இருப்பின் வேலையைச் செய்யும் என்பதற்கு இது நாடளவிலான எடுத்துக்காட்டு.

பொருள் கீழ்நோக்கிப் போகிறது, செய்தி இருபுறமும் போகிறது, பணம் மேல்நோக்கி வருகிறது. பணமும் காத்திருக்கும், அதற்குப் பர்மாத் தமிழரைவிட யாருக்கும் அதிகம் தெரிந்திருக்காது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கடைகள் ஐராவதிக் கழிமுகத்து உழவருக்குக் கொடுத்த கடன், விதைப்புக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட மாதங்களை நிரப்பிய பணம். அது இல்லாமல் பர்மாவின் அரிசி ஏற்றுமதி அந்த அளவுக்கு வளர்ந்திருக்காது. உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்தபோது பணம் திரும்பவில்லை, ஈடாக வைத்த நிலம்தான் வந்தது. கீழ்ப்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் பயிரிடப்பட்ட நிலத்தில் 1930-இல் சுமார் 6 சதவீதமாக இருந்த செட்டியார் உடைமை 1938 வாக்கில் சுமார் 25 சதவீதமாயிற்று. வட்டிக்குக் கொடுத்தவர்களுக்கு வயல் தேவைப்படவில்லை. அந்த நிலமே பின்னர் அவர்கள்மீது வெறுப்பு மூளக் காரணமாயிற்று, இறுதியில் கையைவிட்டும் போனது. அந்த வரலாற்றை இங்கே முழுதும் சொல்ல இடமில்லை. சங்கிலியின் ஒரு முனையில் விலை உடைந்தால், பொருளையே தொடாமல் பணம் மட்டும் கொடுத்தவர் வாசலிலும் அது வந்து நிற்கும் என்பதுமட்டும் இங்கே போதும்.

இந்தத் துறையைத் தன் தொழிலில் முயல விரும்புகிறவருக்கு மென்பொருளோ ஆலோசகரோ தொடக்கத்தில் தேவையில்லை. வண்டு விழுந்த அந்த ஆடிக்குப் பிறகு எங்கள் கிடங்கின் மேஸ்திரி ஒரு காரியம் செய்தார். ஒவ்வோர் அடுக்கின் முன்சாக்கிலும் அது வந்த தேதியைச் சுண்ணாம்புக்கட்டியால் எழுதினார். வெளியே போகும்போது கணக்குப் புத்தகத்தில் இரண்டு தேதிகளையும் என்னைப் பதியச் சொன்னார். பழையது எது என்று தெரிவதற்காகத்தான் அவர் அதைத் தொடங்கினார். மூன்று மாதம் கழித்துப் பக்கங்களைப் புரட்டியபோது, நீண்ட நாள் தங்கிய சரக்குகளில் பெரும்பாலானவை விலைக்காகவோ லாரிக்காகவோ தங்கியவை அல்ல என்று தெரிந்தது. தரம் பார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டிய ஒருவர் செவ்வாய், வெள்ளி இரண்டு நாள் மட்டுமே வருவார். சனிக்கிழமை இறங்கிய மூட்டைகளெல்லாம் அவருக்காகவே நின்றிருந்தன.